வெறுங்காலின் நான்கு சத்தங்கள்

கணினி விளையாட்டு எடிட்டரைத் திறந்ததும் உங்கள் வீட்டைக் கட்டாதீர்கள். எத்தனை தடவைதான் சொல்வது? புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் கட்டுவது தன் வீடு, அடுத்தது தான் படித்த பள்ளிக்கூடம். கட்டி முடித்து எனக்கு அனுப்பி, "அண்ணே, பார்த்துச் சொல்லுங்க" என்கிறீர்கள். உள்ளே போய்ப் பார்க்கிறேன். கட்டில் இருக்கிறது, பீரோ இருக்கிறது, பூஜை அறையில் எந்தச் சாமி எந்தப் பக்கம் என்பதுகூடப் பிசகாமல் இருக்கிறது. ஒளிய ஒரு மூலை, ஓட ஒரு வழி, சண்டை போட ஓர் இடம், அது மட்டும் இல்லை. சமையலறைக்குள் நான்கு பேர் துப்பாக்கியோடு மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி.

இருபது வருடம், யாரோ எழுதிய விளையாட்டுகளுக்குள் என் சுவர்களை எழுப்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் எடிட்டரைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். கண் மங்கிவிட்டது, பொறுமை அதற்கு முன்பே போய்விட்டது. போகிறவர் எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நம் குழுவில் கேட்டீர்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று நான் எழுதப்போவதில்லை, அதைக் காட்ட ஆயிரம் வீடியோ இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அதை எழுதுகிறேன்.

நானும் வீட்டைத்தான் கட்டினேன். என் வீடு கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. அதுவரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்ததை அதன் சொந்தக்கார அக்கா பிரவுசிங் சென்டராக மாற்றியிருந்தார். ஏழு கணினிகள். தாலுகா ஆபீசுக்குப் போகிற மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பதும், கெட்டுப்போன மவுஸைத் துடைத்து ஓட்டுவதும் என் வேலை. பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வீட்டில் தறி. லுங்கிக் கட்டம் எங்கே முடிந்து எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒரு கல்லின் படத்தைத் தையல் தெரியாமல் சுவர் முழுக்கப் பரப்புவது கஷ்டமாக இல்லை. அது ஒன்றுதான் கஷ்டமாக இல்லை.

சென்டரில் ஒரு சட்டம் உண்டு. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் மாடி ஏறவேண்டும். பஸ் ஸ்டாண்டு புழுதி கணினிக்குள் போய்விடும் என்று அக்காவுக்குப் பயம். கலெக்டரே வந்தாலும் வெறுங்கால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்டரில் எல்லோரும் விளையாடிய சுடுகிற விளையாட்டுக்கு ஒரு மேப்பாக, அதாவது ஆட்டம் நடக்கிற இடமாக, நான் திருத்தணி முருகன் மலையைக் கட்டினேன். படி முந்நூற்று அறுபத்தைந்து, வருடத்தில் நாளுக்கு ஒரு படி என்று ஊரே சொல்கிற கணக்கு. ஒன்றைக் குறைத்தால் என்ன, யார் எண்ணப்போகிறார்கள் என்று இன்றைக்கு உங்களிடம் கத்துகிற நான், அன்றைக்கு ஒன்றைக் குறைக்கவில்லை. அதோடு விட்டேனா? வருடக் கடைசியில் படிபூஜை நடக்குமே, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார்களே, அது வேண்டும் என்று படிக்கு ஒரு விளக்காக முந்நூற்று அறுபத்தைந்து விளக்கை வைத்தேன். ஒவ்வொரு விளக்கின் வெளிச்சமும் எந்தக் கல்லில் எவ்வளவு விழும் என்று அந்தக் கணினி உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். சனிக்கிழமை காலை போட்டுவிட்டேன். மதியம் கரண்ட் போனது. மறுபடி போட்டேன். ஞாயிறும் கரண்ட் போனது. மறுபடி. தறியில் முக்கால் புடவை வந்த பிறகு பாவு அறுந்தால்கூட மிச்சத்தை முடிச்சுப் போட்டு இழுத்துவிடலாம். இங்கே முதல் விளக்கிலிருந்து தொடங்கவேண்டும்.

மூன்றாவது வாரம் ஒருவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தான். மலைமேல் மடப்பள்ளியில் சமைக்கிறவன். அவன் அப்பாவும் அவருக்கு அப்பாவும் அங்கேதான் சமைத்தார்கள். என் வயதுதான். உச்சிக்கால நைவேத்தியம் முடிந்ததும் இறங்கி வந்து எங்களோடு விளையாடுவான். விளையாட்டுக்குள் அவன் வைத்துக்கொண்ட பெயர் புளி. ஹெட்போனில் எதிராளியின் காலடியைக் கேட்டே, சுவருக்குப் பின்னால் எங்கே வருகிறான் என்று சொல்லிவிடுவான். எங்கள் சென்டரில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"நீ எப்பவாச்சும் படிபூஜையன்னிக்கு மலை ஏறிக்கிறியா?" என்றான்.

"வருஷா வருஷம்."

"ஏறச்சொல்ல உன் கண்ணுக்கு எத்தினி விளக்கு தெரியும்?"

யோசித்தேன். காலடியில் ஒன்று. மேலே ஒரு திருப்பம் வரைக்கும் ஒரு வரிசை. திரும்பினால் பழசு மறைந்துவிடும்.

"அப்ப முந்நூத்தி சொச்சமும் எவனுக்குய்யா?"

கண்ணில் படுகிற இடங்களில் மட்டும் நிஜ விளக்கு வைத்தேன், மிச்சத்துக்குச் சுடரின் படம். அரை நாளில் முடிந்தது. மூன்று வாரத்தை நான் வீணாக்கியதற்குக் காரணம் பக்தி அல்ல, பிடிவாதம். உங்கள் மேப்புகளில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் அதுதான். யாரும் நிற்காத இடத்தில் யாருக்கும் தெரியாத ஜன்னலுக்குக் கம்பி வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

முடித்த மேப்பில் அவனையே முதலில் ஏறவிட்டேன். அடியிலிருந்து நுனி வரைக்கும் ஏறினான். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று நின்றேன். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"இன்னாய்யா இது, பூட்ஸ் போட்டுகினு ஏறுறான்?"

"யாரு?"

"நாந்தான். டொக்கு டொக்குன்னு சத்தம் வருது பாரு. பொறந்ததுலேருந்து அந்தப் படில நான் செருப்புக்கால் வச்சதில்ல. எங்க நைனா வச்சதில்ல. உன் கம்ப்யூட்டர்ல வந்து வைக்கணுமா?"

"துப்பாக்கி வச்சிகினு ஏறினியே, அது பரவால்லயா?"

"சாமியே ஆயுதத்தோடதான் நிக்குறாரு. அது வேற. செருப்பு வேற."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. முருகன் சினம் தணிந்த மலை என்கிறார்கள். அதைக் கட்டியவனுக்கு ஒரு நாளும் தணிந்ததில்லை. "சோல்ஜர்ய்யா! சோல்ஜர் பூட்ஸ்தான் போடுவான்" என்று கத்தினேன்.

"அப்ப சோல்ஜர ஏன் மலைக்கு இட்டுகினு வந்த?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு போட்டி. அரக்கோணத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அவர்களின் கேப்டன் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் அங்கே இருக்கிற சென்டர்களில் எல்லாம் விளையாடுகிறவன். புது மேப் எது நல்லது என்று அவன் சொன்னால் அங்கே ஏற்றுவார்கள். என் மலையை அவன் சிடியில் எடுத்துப் போனால் சென்னை முழுக்க ஏறும். மோசம் என்று சொன்னால் எங்கள் மாடியோடு முடிந்தது. ஒன்றரை வருட உழைப்பு அவன் வாயில் இருந்தது. புளியோ, பூட்ஸ் இருந்தால் மவுஸைத் தொடமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். அவன் இல்லாமல் எங்களுக்கு அணியே இல்லை.

படிக்கல்லில் கால் பட்டால் எழுகிற சத்தம் நான்கு சிறிய ஒலிக்கோப்புகள். விளையாட்டு அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்கும். அந்த நான்குக்கும் பதிலாக மௌனத்தை வைத்தேன். ஐந்து நிமிட வேலை. வெறுங்கால், சத்தமில்லை, தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். பூட்ஸ் போய்விட்டது என்று புளிக்குச் சொல்லியனுப்பினேன், எப்படிப் போனது என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது. ஆட்டத்தின் போக்கையே மாற்றுகிற ஒன்றை மாற்றிவிட்டு, விளையாடுகிறவர்களிடம் சொல்லாமல் இருந்தேன்.

ஞாயிறு மதியம். அரக்கோணத்துக்காரர்கள் கீழே ஷூவைக் கழற்றிவிட்டு, முனகிக்கொண்டே மாடி ஏறினார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், ஏழாவது கணினியில் நான். முதல் சுற்று எங்களுக்கு. இரண்டாவதும் எங்களுக்கு. மூன்றாவதில் புளி அடிவாரத்திலிருந்து படிவழியே ஏறி, மேலே காவல் நின்ற கேப்டனின் முதுகுக்குப் பின்னாலேயே போய் நின்று சுட்டான்.

கேப்டன் ஹெட்போனைக் கழற்றினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"படில காலடிச் சத்தம் வரலியே தலைவா."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மத்த எடத்துல வருது. மண்டபத்துல வருது, ரோட்டுல வருது. படில மட்டும் வரல. உங்காளு படிலயேதான் வரான். நல்லா செட் பண்ணிக்கினீங்க."

"அப்டிலாம் இல்லபா..."

"அப்ப எப்டி? சொல்லு. மேப்பு சூப்பரா கீது, நானே எடுத்துகினு போலாம்னு இருந்தேன். ஏமாத்து மேப்புன்னா அங்க போய் அதத்தான் சொல்வேன். அடுத்த ட்ரெய்ன் வரைக்கும் டைம்."

என்ன சொல்ல? கோளாறு என்று சொன்னால் பொய். பக்தி என்று சொன்னால் சிரிப்பான். பழைய பூட்ஸ் சத்தத்தைத் திரும்பப் போட ஐந்து நிமிடம் போதும், சிடி என் இழுப்பறையில் இருந்தது. போட்டால் ஆட்டம் நேர்மையாகிவிடும், புளி எழுந்து போய்விடுவான். போடாவிட்டால் அவன் இருப்பான், மேப் செத்துவிடும். புளியைப் பார்த்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லித்தான்யா செஞ்சேன்!" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"செருப்ப எடுன்னேன். சத்தத்த எடுன்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அப்போதுதான், ஜன்னலோரம் யாருடைய பட்டா மனுவையோ திருத்திக்கொண்டிருந்த அக்கா பேனாவை மூடினார். அவருக்கு இந்த விளையாட்டில் ஓர் எழுத்துத் தெரியாது. விசைப்பலகையை உடைக்கிற ஆட்டம் என்று மட்டும் தெரியும்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும். வெறுங்காலுக்குச் சத்தம் இல்லன்னு எவன் சொன்னான்? பன்னண்டு வருஷம் இந்த ரூம்ல அத்தினி மிஷின் சத்தத்துல, எவ விரலு தப்பு எழுத்துல போவுதுன்னு காதாலயே புடிச்சவ நானு. இவன் மாடி ஏறி வரச்சொல்ல திரும்பிப் பாக்காமயே சொல்வேன். பொத்து பொத்துன்னு வருவான். வலது காலு கொஞ்சம் கனம்."

"தண்ணிக் குடம் அந்தத் தோள்லதான்க்கா தூக்குறது" என்றான் புளி, கொஞ்சம் வெட்கத்தோடு.

கேப்டன் தன் காலைக் குனிந்து பார்த்தான். வெறுங்கால். அவன் ஆட்கள் இருவரும் வெறுங்கால். அந்த அறையில் அன்றைக்குப் பூட்ஸ் போட்டிருந்தது விளையாட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும்தான்.

பூட்ஸா மௌனமா என்று நான் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று தினமும் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தது. நெருக்கடியில் முதலில் சுருங்குவது மூளைதான். இரண்டு கதவு தெரிந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேடும். அப்போது கத்துகிறவனைப் பார்க்காதீர்கள், அறையில் ஆட்டம் தெரியாத ஆள் யார் என்று பாருங்கள்.

கதவோரம் இருந்த கணினியில் சாட்டிங்குக்கு வைத்திருந்த மைக் இருந்தது. ஒயர் வாசல்வரைதான் எட்டியது. மேஜையைத் தள்ளினோம். அப்படியும் மேல்படிக்கு ஒரு சாண் குறைந்தது. "குடு" என்று வாங்கி, கேப்டனே வாசலில் மண்டியிட்டு மைக்கைப் படிக்குமேல் நீட்டிப் பிடித்தான். புளி கீழே போய்க் குழாயில் கால் நனைத்துக்கொண்டு வந்தான். காயாத கால் கல்லில் இன்னும் நன்றாகப் பேசும் என்றான்.

"ஏறு" என்றேன்.

ஏறினான். சரியில்லை. நடிக்கிறான்.

"கல்யாண ரிசப்ஷனுக்கா போற? குடம் தூக்குற மாதிரி ஏறுய்யா."

அக்கா குடிதண்ணீர்க் குடத்தையே கொண்டுவந்து அவன் தோளில் வைத்தார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. பொத்... பொத். கல்லின்மேல் தோலும் ஈரமும் எடையும். மூன்றாவது அடியில் பார்த்து, கீழே திருப்பதி பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னொரு தபா எடுக்கலாம்" என்றேன்.

"ட்ரெய்னுக்கு நேரம் ஆவுது தலைவா" என்றான் கேப்டன். அப்படியே வெட்டினேன். நான்கு அடி, நான்கு கோப்பு. மூன்றாவதின் வாலில் துண்டு ஹாரன் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு கணினியிலும் ஏற்றினேன். முந்தின மூன்று சுற்றும் செல்லாது என்று நானே சொன்னேன். எங்கள் ஆட்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

ஆட்டம் தொடங்கியது. இப்போது படி பேசியது. அங்கே ஒருவன் ஏறுகிறான், இங்கே ஒருவன் இறங்குகிறான், எல்லோருக்கும் கேட்டது. கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டு சுட்டான். புளிதான் திணறினான். இடது பக்கம் திரும்புகிறான், வலது பக்கம் திரும்புகிறான், சுவரைச் சுடுகிறான்.

"இன்னாடா ஆச்சு உனக்கு?" என்றார் அக்கா.

"எல்லாப் பக்கமும் நானே வரேன்க்கா! எவன்னு சுடுறது?"

ஆறு பேருக்கும் அவன் கால். காதால் விளையாடுகிறவன் தன் காலடி நாலு திக்கிலிருந்தும் வந்தால் என்ன செய்வான்? தோற்றோம். கொஞ்சநஞ்சமாக அல்ல, ஊரே சிரிக்கிற மாதிரி. அரக்கோணத்துக்காரர்கள் சிடியை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்கள். கீழே ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, போடாமலேயே ஓடிய கேப்டனை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மலை சென்னைக்குப் போனது. அங்கிருந்து எங்கெங்கோ போனது.

இது நடந்து பல வருடம் கழித்து, வேலைக்காக நான் சென்னைக்கு வந்துவிட்ட பிறகு, ஒரு வெளிநாட்டுத் தளத்தில் ஒரு பனிமலை மேப்பைப் பார்த்தேன். நிறையப் பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இறக்கித் திறந்தால் என் திருப்பங்கள், என் மண்டபம், என் படி. விளக்கைப் பிடுங்கிவிட்டுப் பனியைக் கொட்டியிருந்தான். கட்டியவர் என்ற இடத்தில் வேறு பெயர். தாலுகா ஆபீசுக்கு அடித்த மனுக்களின் பழக்கம், மூன்று பக்கத்துக்குப் புகார் அடித்தேன். நிரூபிக்கவேண்டுமே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படி ஏறினேன்.

பொத். பொத். மூன்றாவதன் வாலில், பனிமலை நடுவில், திருப்பதி பஸ்.

திருடனுக்கு அந்தச் சத்தத்தை எடுக்கத் தெரியவில்லை, அல்லது எடுக்க மனம் வரவில்லை. இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று துள்ளி எழுந்து, என் பழைய சிடியைத் தேடி, மேப்போடு நான் வைத்திருந்த குறிப்புக் கோப்பைத் திறந்தேன். அதில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. கட்டியவர், வரைந்தவர், ஒலி. ஒலி என்ற இடத்திலும் என் பெயர். நான்தான் அடித்திருக்கிறேன், என் விரல்தான். மடப்பள்ளிக்காரன் பெயர் இல்லை. அக்கா பெயர் இல்லை. ஞாபகத்தில் வரவே இல்லை, வேறென்ன சொல்ல?

புகாரை அனுப்பவில்லை. அனுப்ப முகம் இல்லை. குறிப்புக் கோப்பைத் திருத்தினேன். அதை யாரும் படிக்கப்போவதில்லை, திருத்தினேன். உங்கள் மேப்பில் எந்தச் சுவரையும் நான் இனிப் பார்க்கமாட்டேன். உங்கள் குறிப்புக் கோப்பில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பிறகு புளிக்கு போன் போட்டேன். அவன் இன்னும் மலைமேல்தான் சமைக்கிறான். முட்டி போய்விட்டது. படி ஏறுவதில்லை, வண்டிப்பாதையில் போகிறான்.

"நம்ம மலைய எவனோ திருடிட்டான்யா. பனி கொட்டி வச்சிருக்கான். எம் பேரு இல்ல, உம் பேரு நானே போடல."

"எவ்ளோ பேரு ஏறிகினு கீறாங்க?"

"இப்பவா? பதினாறு பேரு."

"பனிலயா?"

"ஆங்."

மடப்பள்ளியில் ஏதோ கரண்டி உரசுவது கேட்டது.

"செருப்பு?"

"இல்ல. எல்லாம் உன் காலுதான்."

"அப்பறம் இன்னாய்யா," என்றான், "ஏறட்டும் உடு. கீழ பாத்து ஏறச் சொல்லு, வழுக்கப் போவுது."